கால் நனைந்தவர் கணக்கு

மேட்டூர் திறந்து இருபது நாள்.
தண்ணீர் எங்களுக்கு இன்னும்
செய்தித்தாளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.
அதற்குள் ஒன்பதாம் வாய்க்கால் குழுவில்
இருநூற்றுப் பதினாலு செய்தி, ஏழு சண்டை.

காலை வணக்க ரோஜாக்களுக்கு முதலில் தடை.
காதுகுத்துப் பத்திரிகைக்கும்.
அது விதி ஒன்று. எல்லாருக்கும் சம்மதம்,
ரோஜா அனுப்பும் சட்டநாதனைத் தவிர.

எழுதி வைப்பது நான்.
தலைஞாயிறு கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை.
ஒரு குழி நிலம் கிடையாது,
அதனாலேயே நம்பினார்கள்.

கேள்வி பழசுதான்:
முதல் முறை கிழக்குக்கா, மேற்குக்கா?
ஓட்டு வைப்போம் என்றார் ஹாஜா மைதீன்.
யார் யாருக்கு ஓட்டு என்றதும்
குழு கொதித்தது.

மாவுக்கு ஒன்று என்றார் உத்திராபதி.
அவருக்கு முப்பத்தைந்து மா.
போனுக்கு ஒன்று என்றார்கள்.
அவருக்கு அதிலும் இரண்டு சிம்.
பட்டாவுக்கு ஒன்று என்றால்
குத்தகைக்காரி அபயாம்பாள் கணக்கிலேயே வரமாட்டாள்.
பட்டாக்காரர் சிங்கப்பூரில்.
அங்கே இரண்டரை மணி நேரம் முந்தி விடிகிறது,
நாங்கள் பல் துலக்குமுன்
அவர் கட்டைவிரல் வந்து நின்றுகொண்டிருக்கும்.

அபயாம்பாளுக்குத் தட்டத் தெரியாது.
குரலை அனுப்பினாள். பதினோரு விநாடி.
பின்னால் ஒரு ஆடு.
‘எவன் காலு வாய்க்கால்ல நனையுதோ
அவனுக்கு ஓட்டு.
மத்தவன்லாம் கரையில நில்லு.’

மூன்று தடவை கேட்டேன்.
எவனை எவர் ஆக்கி, மற்றது அப்படியே,
விதி இரண்டு.

தண்ணியே வராத வாய்க்காலில்
கால் எப்படி நனையும் என்று ஒரு ஆட்சேபம்.
திருத்தம்: காட்டாமணக்கு வெட்ட இறங்கியவர்
சேறு போதும்.
சாட்சி? படம்.

அன்று சாயங்காலம் என் போனில்
கால்களாக வந்து விழுந்தன.
பித்தவெடிப்பு, மெட்டி, நகம் போன பெருவிரல்,
யாரும் மறுக்க முடியாத ஒரு ஆறாம் விரல்.
சட்டநாதன் காலும் வந்தது, நல்ல சேற்றோடு.
‘பின்னாடி தெரியிற மதகு
இடிஞ்சு ஒரு வருசமாச்சு தம்பி’
என்றார் ஹாஜா மைதீன்.
செல்லாது.

விதி மூன்றை விளையாட்டாகத்தான் போட்டார் தேவசகாயம்,
சிரிக்கிற மூஞ்சி ஒன்றையும் சேர்த்து:
தோற்ற பக்கம்தான் ஷட்டர் சாவியைப் பிடிக்கணும்.
யாரும் சிரிக்கவில்லை.
கை தூக்கின முப்பத்தொரு பேர்.

எண்ணினேன். கிழக்கு இருபது. மேற்கு இருபது.

மீதி ஒரு கால்.
சிங்காரவேலு நம்பரிலிருந்து வந்திருந்தது.
சிங்காரவேலு தையிலேயே போய்விட்டார்.
படத்தில் புடவைக் கரை, கணுக்காலில்
அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு.

செத்தவருக்கு ஏது ஓட்டு என்றது மேற்கு.
கால் செத்தவருடையதா, பாரு என்றது கிழக்கு.
ஒரு மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.
எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது.

அப்புறம் பட்டியலில் அந்தப் பெயர் மாறியது.
நீலாயதாட்சி.
துணையெழுத்து ஒன்று விட்டுப்போய், பிறகு திருத்தி.
முகப்புப் படத்தில் அவர் மீசை அப்படியே.
அதற்கு எங்களிடம் விதி இல்லை.

தன் பக்கத்துக்கே போட்டாள், கிழக்குக்கு.
நாற்றங்கால் பழுத்துக் கிடக்கிறவள்
வேறெங்கே போடுவாள்.

மூன்றாம் ராத்திரி, இரண்டு மணிக்குமேல்,
நுரையும் செருப்பும் வாழைமட்டையும் தள்ளிக்கொண்டு
வந்தது.
மேற்கின் சாவி உத்திராபதி கையில்.
நாங்கள் டார்ச் அடித்தோம்.
சுற்றுக்கு ஒரு வசவு, பதினாறு சுற்று,
கிழக்கு மதகைத் தூக்கினார்.

‘எழுதிக்கடா’ என்றார்
தண்ணீரில் நின்றபடி.

பேனாவைத் தேடினேன்,
கரைமேல், செருப்புக் காலோடு.